செட்டில்மென்ட்டுக்கு டிஸ்கில் இடமில்லை

1. நான் அழித்த ஃபைல்

கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்பதற்காக, கம்ப்யூட்டரை எழுப்பிவிடுகிற ஃபைலையே அழித்தவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் எங்கள் டேட்டா என்ட்ரி மும்தாஜ் சொல்லிவிடும் என்பதால் முந்திக்கொள்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் மதுரை தல்லாகுளத்தில் ஒரு ஆடிட்டர் தன் ஆபீஸ் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தி வந்தார். சுற்றியுள்ள மில்கள், சொசைட்டிகள், இரண்டு மூன்று ஜவுளிக் கடைகள் எல்லாவற்றுக்கும் சம்பளக் கணக்கும் ஸ்டாக் கணக்கும் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். நான் எம்.ஏ. தமிழ் முடித்து, வாத்தியார் வேலை கிடைக்காமல், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் பின்கட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துவிட்டு அங்கே 'புரோகிராமர்' ஆகச் சேர்ந்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏ.சி. அறையும் விபூதி பூசிய மிஷினுமாகக் கருவறை மாதிரி இருக்கும்.

ஹார்ட் டிஸ்க் மொத்தமே பத்து மெகாபைட். இன்றைக்குக் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை மூக்கைச் சொறிகிற ஒரே ஒரு படம் அதில் பாதியை அடைத்துக்கொள்ளும். அதற்குள் ஏழெட்டுக் கம்பெனிகளின் வயிற்றுப்பாடு இருந்தது. நான் சேர்ந்த சில நாளிலேயே 'இடமில்லை' என்று திரையில் வந்துவிட்டது.

"வேண்டாததை எல்லாம் தூக்கிப் போடுய்யா" என்று சொல்லிவிட்டு ஆடிட்டர் இன்கம்டாக்ஸ் ஆபீசுக்குப் போனார்.

நான் பட்டியலை ஓடவிட்டுப் பார்த்தேன். கமாண்ட் டாட் காம் என்று ஒரு ஃபைல். தேதி பழையது. யாரும் அதைத் திறந்ததாகவோ திருத்தியதாகவோ தெரியவில்லை. பெயரும் கொஞ்சம் அதிகாரத் தோரணையாக இருந்தது. அழித்தேன். மறுநாள் காலை மிஷின், எதையோ காணோம் என்று இங்கிலீஷில் ஒரு வரி சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து இன்ஜினியர் பஸ் பிடித்து வந்து, ஒரு ஃப்ளாப்பியைச் செருகி, வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் சரிசெய்துவிட்டுப் போனார்.

ஆடிட்டர் என்னைத் திட்டவில்லை. "எம்.ஏ. படிச்சிருக்க. உக்காந்திருக்கிற நாற்காலியோட காலையே வெறகுன்னு வெட்டிட்டியே" என்று மட்டும் கேட்டார்.

2. யாருக்கு இலை

அதற்கப்புறம் அவரே ஒரு விதி வகுத்தார்.

"இந்தா பாருய்யா. தினம் சாப்பிடுறவனுக்கு மட்டும் உள்ள இலை போட்டு வை. எப்பவாவது வர்றவன் வெளிய ஃப்ளாப்பியில கெடக்கட்டும். வந்தான்னா உள்ள கூப்பிடு, சோத்தைப் போடு, கை கழுவுனதும் அனுப்பிரு. அனுப்புனதும் இலையை எடுத்துரு. எடுக்காம விட்டுட்டு, அடுத்தவன் வர்றப்ப இடமில்லைன்னு என்கிட்ட வந்து நிக்காதே."

இதை நான் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பாஷையில் எழுதினேன். ஒரு புரோகிராமின் பெயரைத் தட்டினால் போதும். மிஷின் ஒவ்வொரு ஃப்ளாப்பியாகக் கேட்டு வாங்கி, டிஸ்கில் ஏற்றிக்கொண்டு, வேலையை ஓட்டும். வேலை முடிந்ததும் ஏற்றியதை எல்லாம் தானே துடைத்துவிடும். வந்து போன அடையாளமே இருக்காது. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் அச்சுப்பிழை இல்லாதது அது ஒன்றுதான்.

சம்பள புரோகிராம் மாதாமாதம் தேவை என்பதால் டிஸ்கிலேயே குடியிருந்தது. போனஸ் வருஷத்துக்கு ஒரு தடவை வரும் என்பதால் ஃப்ளாப்பிக்குப் போனது. செட்டில்மென்ட்டும் அப்படியே. மில்லில் ஒருவர் ரிட்டையர் ஆனாலோ, வேலையில் இருக்கும்போதே இறந்துபோனாலோ, அவர் கணக்கை முடிக்கிற புரோகிராம் அது. சேர்ந்த நாளில் இருந்து அவருடைய சர்வீஸ் முழுவதையும் திரட்டிப் போட வேண்டும் என்பதால் பெரியது. மூன்று ஃப்ளாப்பிகளில் பிரித்து வைத்திருந்தேன். எப்போதாவது ஒரு தடவைதான் எடுக்க வேண்டியிருக்கும்.

3. ஏறும் வரைக்கும்

திருப்பரங்குன்றம் பக்கத்தில் ஒரு நூல் மில். பெயர் வேண்டாம். அந்த மில்லின் டைம் ஆபீஸ் கிளார்க் சோணைமுத்து அண்ணன். மெஷினில் வேலை பார்த்து, கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்ததால் டைம் ஆபீசுக்கு வந்தவர். மாதாமாதம் தொழிலாளர்களின் வருகைக் கணக்கை மஞ்சப் பையில் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார். மும்தாஜ் அதை டைப் அடிக்கும். நான் சம்பளத்தை ஓட்டிக் கொடுப்பேன். அந்த நாட்களில் வருவார், போவார், அவ்வளவுதான்.

செட்டில்மென்ட் என்றால் அப்படி வர மாட்டார். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருப்பார்.

முதல் தடவை எனக்குப் புரியவில்லை. முதல் ஃப்ளாப்பியைச் செருகினேன். டிரைவ் கர்ர் கர்ர் என்று அரைக்க ஆரம்பித்தது. மூன்றும் ஏற நேரம் பிடிக்கும். நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"தம்பி, இந்த ரத்தினம் யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"டாஃபரு. நூலு நெறைஞ்ச பாபினைக் கழட்டிட்டு வெத்துப் பாபினை மாட்டணும். அதான் அவன் சோலி. விரலு அம்புட்டு வேகம். ராத்திரி தூங்குறப்பவும் ரெண்டு கையும் கழட்டி கழட்டி மாட்டுமாம். அவன் பொஞ்சாதி பாவம், தாலியக் கழட்டிப்புடுவானோன்னு பயந்து தள்ளிப் படுத்துக்கிருமாம்."

மும்தாஜ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவரும் சிரித்தார். மூன்றாவது ஃப்ளாப்பி ஏறி முடியும்போது, அந்த ரத்தினம் நெஞ்சுவலியில் நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மெஷின் பக்கத்திலேயே விழுந்து இறந்ததைச் சொன்னார். பிரின்டர் ஓட ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டார். தாள் வந்தது. இரண்டு கையாலும் வாங்கினார். மிஷின் ரத்தினத்தை டிஸ்கிலிருந்து துடைத்தது.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. வெள்ளைச் சட்டை தெரிந்ததுமே மும்தாஜ் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும். "அண்ணே, இன்னிக்கு யாரு?"

"ரீலிங்கு டிபார்ட்மென்ட்டு பாப்பாத்தி அக்கா. ரிட்டையரு. சங்கு ஊதுறதுக்கு முந்தியே கேட்டுல நிக்கும். ஏக்கா இம்புட்டு வெள்ளனன்னு கேட்டா, 'சங்கு என்னையப் பாத்துத்தான்டா ஊதுது, நான் லேட்டா வந்தா அது எப்படி ஊதும்?'ங்கும்."

தமிழில் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு. இறந்துபோனவனின் பெருமையைச் சொல்லி, சொல்பவன் செயலற்று நிற்பது. எம்.ஏ.யில் அதற்கு நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். அதைக் காதால் கேட்டது இந்த ஏ.சி. ரூமில், ஃப்ளாப்பி டிரைவின் பின்னணியில்தான்.

நடுவில் எனக்குக் கெட்டிக்காரத்தனம் முற்றியது. புரோகிராமைச் சுருக்கி இரண்டு ஃப்ளாப்பியில் அடக்கிவிட்டேன். அடுத்த செட்டில்மென்ட்டின்போது அவர் கதையின் பாதியில் இருக்கையிலேயே பிரின்டர் ஓடியது. அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அம்புட்டுத்தானா? என்ன தம்பி அவசரம்? ஆளு இன்னும் கல்யாணமே முடிக்கல."

மறுநாளே பழையபடி மூன்று ஃப்ளாப்பி ஆக்கினேன். மெனக்கெட்டு வேகத்தைக் குறைத்த புரோகிராமர் மதுரை ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

4. இலை மாறியது

ஒரு நாள் சம்பளக் கணக்கோடு வந்தவர் தாள் வாங்கிய பிறகும் போகாமல் நின்றார்.

"தம்பி, ஒரு ரோசனை. திருநகர்ல எம் மச்சான் இருக்காருல்ல, அவரு ஒரு ஸ்கூலு ஆபீசுல கிளார்க்கு வேலை பேசி வச்சிருக்காரு. திங்கட்கிழமைக்குள்ள வாரேனா இல்லையான்னு சொல்லணும். சம்பளம் மில்லைவிடக் கம்மிதான். ஆனா பகல் சோலி. பொண்டாட்டி போங்கிறா. எனக்கும் முக்காவாசிப் போயிரலாம்னுதான் இருக்கு."

"போங்கண்ணே."

"மில்லு பெர்மனென்ட்டாச்சே தம்பி. அதான் காவாசி."

அன்று மாலை மில் மேனேஜர் காரில் வந்து ஆடிட்டரின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டுப் போனார். அவர் போனதும் ஆடிட்டர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த மில்லோட செட்டில்மென்ட்டை டிஸ்கிலயே போட்டுரு. முடிஞ்சதும் அழிக்கிற வரியை எடுத்துரு."

"இடம் இல்லையே சார்."

"அவங்க சம்பளத்தை ஃப்ளாப்பிக்கு எடு."

"சம்பளம் மாசாமாசம் வேணுமே சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். நல்ல மனிதர். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"இனிமே அது எப்பவாவதுதான் வேண்டியிருக்கும்" என்றார். பிறகு, "வெளிய மூச்சு விட்டேன்னா நீயும் போகணும், நானும் போகணும். கிளையன்ட் விஷயம்."

சம்பளத்தை ஃப்ளாப்பியில் இறக்கினேன். செட்டில்மென்ட்டை ஏற்றினேன். அழிக்கிற வரிகளை எடுத்தேன். ஒரு மில் மூடப்போகிறது என்பதை நான் எந்தப் பேப்பரிலும் படிக்கவில்லை. எது உள்ளே, எது வெளியே என்று மாற்றி வைத்த என் கையாலேயே தெரிந்துகொண்டேன்.

5. டீக்கடை

திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. முக்காவாசி போகிறேன் என்றவர் முழுசாகப் போய்விடுவார் என்று சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. அந்தக் காவாசி என்னைத் தூங்கவிடவில்லை. ஏதோ ஒரு சந்தேகம் கேட்கிற சாக்கில் மில்லுக்கு போன் போட்டு அவரை வரச் சொன்னேன். ஆபீசுக்குள் அழைத்துப் போகாமல் தெருமுனை டீக்கடையில் நிறுத்திச் சொன்னேன்.

"அண்ணே, செட்டில்மென்ட் இப்ப டிஸ்கிலயே இருக்கு. சம்பளம் ஃப்ளாப்பிக்குப் போயிருச்சு."

அவருக்கு எங்கள் விதி தெரியும். இத்தனை நாள் பக்கத்தில் நின்று பார்த்தவர். டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார்.

"எம்புட்டுப் பேருக்கு?"

"எல்லாருக்கும்."

"எனக்குமா?"

"உங்களுக்கும்தான். அதனாலதான் சொல்றேன், திங்கட்கிழமை வரைக்கும் காக்க வேண்டாம். இன்னிக்கே திருநகர் போய் வாரேன்னு சொல்லிருங்க."

அவர் எதிரே போகிற பஸ்ஸைப் பார்த்தார். பிறகு, "கெடுத்தீங்களே தம்பி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"தெரியாமப் போயிருந்தா, சோணைமுத்து நல்ல வேலை கெடச்சுப் போயிட்டான்னு நானும் நெனச்சிருப்பேன், ஊரும் நெனச்சிருக்கும். இப்ப தெரிஞ்சுல்ல போகணும். அம்புட்டுப் பேரையும் உள்ள உக்கார வச்சுட்டு, தீப்பிடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சு நான் மட்டும் கதவைத் தொறந்து போறதா? நாளைக்கு நம்ம மில்லுல இருக்கிற பாப்பாத்தி அக்கா மகன் எதுக்க வந்தா நான் எந்தப் பக்கம் திரும்பிக்கிறது?"

"அப்ப அவங்களுக்கும் சொல்லிருங்கண்ணே."

"சொன்னா உங்க சோலி போயிரும்ல?"

பரவாயில்லை, சொல்லுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. இரண்டு தங்கைகளின் கல்யாணம், வாடகை எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அந்த வார்த்தை மட்டும் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டு டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

"போயிட்டு வாரேன் தம்பி. நீங்க எதுவும் சொல்லல, நானும் எதுவும் கேக்கல."

திருநகர் வேலைக்கு அவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். மச்சானோடு பேச்சுவார்த்தை நின்றது. அந்த வேலைக்கு வேறு யாரோ போய்ச் சேர்ந்தார்.

6. கடைசிப் பெயர்

ஒரு காலை, மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டப்பட்டிருந்தது. அன்று சங்கு ஊதவில்லை. கேட்டுக்கு வெளியே கூடியவர்களில் ஒருவர் சோணைமுத்து அண்ணனைப் பார்த்து, "ஏப்பா, டைம் ஆபீசுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று கேட்டாராம். தெரியாது என்று சத்தியம் செய்ய அவரால் முடியவில்லை. முடியாமல் செய்தவன் நான். இதை அவர் சொல்லவில்லை. மும்தாஜின் அத்தா வைத்திருந்த நூல் கடைக்கு வருகிறவர்கள் சொல்லி, மும்தாஜ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கணக்கு முடிக்க எல்லாருடைய விவரங்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டைதான். வழக்கம்போல் உட்காரவில்லை.

முதல் பெயரைத் தட்டினேன்.

"இந்த ராமையா இருக்காரே தம்பி, மிக்சிங் டிபார்ட்மென்ட்டு, இவரு…"

ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை. புரோகிராம் உள்ளேதான் இருந்தது. ராமையா தாளாக வெளியே வந்துவிட்டார். அண்ணன் அதை வாங்கிக்கொண்டு அடுத்தவரைத் தொடங்கினார். "சின்னக்காளை. இவனுக்கு மூணு பொண்ணு, நாலாவதும்…" சின்னக்காளையும் வந்துவிட்டார். கொஞ்ச நேரம் முழு வாக்கியத்தை விட்டுவிட்டு ஒரு சொல்லாவது சொல்லப் பார்த்தார். "பாட்டுக்காரன்." "கோவக்காரன்." "பாவம்." பிறகு அதுவும் நின்றது. நானும் நிறுத்தவில்லை. ஆடிட்டர் கதவருகே நின்று, இன்றைக்குள் முடிந்துவிடுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மும்தாஜ் நாற்காலியைத் திருப்பவே இல்லை. பிரின்டர் சத்தத்தில் அதன் அழுகை கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தது.

இப்படி நாள் கணக்கில் ஓடியது. கடைசியாக ஒரே ஒரு பெயர் மிஞ்சியது.

அன்று பிற்பகல் ஆடிட்டர் கோர்ட் பக்கம் போயிருந்தார். நான் ஒரு காரியம் செய்தேன். டிஸ்கில் இருந்த செட்டில்மென்ட்டை அழித்தேன். பெட்டியிலிருந்து மூன்று ஃப்ளாப்பிகளையும் எடுத்தேன். முதலாவதைச் செருகினேன். டிரைவ் கர்ர் கர்ர் என்று அரைக்க ஆரம்பித்தது. அவருக்கு மட்டுமாவது அந்த நேரம் கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.



மற்றவர்களைப் பற்றி அவர் சொல்வார். அவரைப் பற்றி யார் சொல்வது? மும்தாஜ் என்னைப் பார்த்தது. "நீங்க சொல்லுங்க சார்" என்றது மெல்ல. நான் தொண்டையைச் செருமினேன்.

"சோணைமுத்து அண்ணன்…" என்று தொடங்கினேன். அவர் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, மெஷினில் அவர் எந்தப் பக்கம் நின்றார், எதற்குச் சிரிப்பார், ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் அவர் வாயிலிருந்து மற்றவர்களின் வாழ்க்கையை எல்லாம் கேட்டிருந்தேன். அவரிடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உங்களுக்கு எப்படிண்ணே என்று கேட்டதில்லை.

"…நல்லவர்" என்று முடித்தேன்.

இரண்டாவது ஃப்ளாப்பி. மூன்றாவது ஃப்ளாப்பி. ஒரு ஆளின் கதையைச் சொல்லி முடிக்கச் சரியாக இருக்கிற அந்த நேரம், சொல்ல ஆள் இல்லாவிட்டால் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். வாசலைப் பார்த்தார். துக்கத்தை அடக்குகிறார் என்று நினைத்து நான் திரையைப் பார்த்துக்கொண்டேன். தாள் வந்ததும் ஒரு கையால் பிடுங்கினாற்போல் வாங்கிக்கொண்டு, "வாரேன் தம்பி" என்று கிட்டத்தட்ட ஓடினார்.

7. பிறகு

இப்போது டிஸ்கில் இடத்துக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஆபீஸ் பையன்களிடம் ஃப்ளாப்பியில் ஏற்றி இறக்கிய கதையைச் சொன்னால், சார் இன்னொரு டிஸ்க் வாங்கியிருக்கலாமே என்கிறார்கள். வாங்கியிருக்கலாம். அவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். எது எப்போதும் வேண்டியது, எது எப்போதாவது வேண்டியது என்று பிரித்து வைக்கும்போது, நாம் பிரிப்பது புரோகிராமைத்தான் என்று நம்பிவிடாதீர்கள். காத்திருக்கிற நேரம் கிடைத்தால், பக்கத்தில் நிற்கிற ஆளிடம் அவரைப் பற்றியே கேட்டுவிடுங்கள். இதைத் தெரிந்துகொண்டு எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, உங்களுக்கு இருக்கலாம்.

மில் மூடி வெகு காலம் கழித்து அவரைத் திருப்பரங்குன்றம் ரயில்வே ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் பார்த்தேன். டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து ஸ்டூலைத் தந்தார். நான் உட்காரவில்லை. டீக்கடையில் நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் ஸ்கூல் ஆபீசில் இருந்திருப்பீர்கள் என்றேன்.

"விடுங்க தம்பி" என்றார். "இங்கயும் பகல் சோலிதான்."

அவரிடம் எதையாவது நல்லதாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது. அந்தக் கடைசிச் செட்டில்மென்ட்டைச் சொன்னேன். உள்ளே இருந்ததை வேண்டுமென்றே அழித்துவிட்டு, அவருக்காக மட்டும் மூன்று ஃப்ளாப்பியும் போட்டு, பழைய முறைப்படி ஏற்றினேன் என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அட, நீங்கதானா அது? நான் மிசினுதான் ரிப்பேருன்னுல நெனச்சேன். ஏன் தம்பி, எனக்கு அன்னைக்கு ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு நிக்குது, நீங்க என்னடான்னா ஒவ்வொண்ணா ஆற அமரச் சொருகிக்கிட்டு இருக்கீக."